ஈரப்பலா: எந்த நாட்டு மரம், ஏன் விதை இல்லை?

சீமைப்பலா என்றும் ஈரப்பலா என்றும் சொல்லப்படும் மரம் நம் பலாவின் ஒரு வகைதானா, அது எந்த நாட்டிலிருந்து வந்தது, அதன் காயில் ஏன் விதை இருப்பதில்லை, நாற்றுப்பண்ணையில் ‘விதையில் முளைத்த சீமைப்பலாக் கன்று’ என்று விற்பதை வாங்கலாமா என நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். விதை இல்லாமல் போனது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்றும் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உறவுமுறை. பலாவும் ஈரப்பலாவும் ஆர்ட்டோகார்ப்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு வேறு சிற்றினங்கள். ஒன்று மற்றொன்றின் வகை அன்று. இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 70 மரங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து வளரும் அயினியும், மலேசியத் தமிழர்கள் நன்கறிந்த செம்படாக்கும் அவற்றில் அடக்கம். ஆல், அரசு, அத்தி, முசுக்கட்டை ஆகியவை இருக்கும் குடும்பமே இவற்றின் குடும்பமும் என்பதால், எதன் இலையைக் கிள்ளினாலும் வெள்ளைப் பால் வடியும். பலாவின் தாயகம் தென்னிந்திய மலைக்காடுகள் என்று கருதப்படுகிறது. வேரிலே காய்க்கும் பலாவைக் கபிலர் குறுந்தொகையில் பாடியிருக்கிறார். ஈரப்பலாவுக்கோ நம் மண்ணில் அத்தகைய பழமை எதுவும் இல்லை. அது பசிபிக் பெருங்கடலின் மரம். ஆனால் பலா உட்பட இந்தக் கூட்டம் முழுவதற்கும் உரிய அறிவியல் பேரினப் பெயர் ஈரப்பலாவைக் கண்டே வைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் உடன்சென்ற ஃபோர்ஸ்டர் என்னும் தந்தையும் மகனுமாகிய இரு இயற்கையியலாளர்கள் 1770களில் அந்தப் பெயரைச் சூட்டினர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பத்துக்கே இடமிராது. பலாவின் முதிர்ந்த இலை உள்ளங்கை அளவில், விளிம்பு பிளவுபடாமல், தடிப்பாக இருக்கும். ஈரப்பலாவின் இலை ஒரு முழத்துக்கும் மேல் நீளக்கூடியது; இரு பக்கமும் ஆழமாகப் பிளந்து, பெரிய விரல்களை விரித்ததுபோல் நிற்கும். தோட்டக்காரர்கள் காய்க்காக மட்டுமின்றி இந்த இலையின் அழகுக்காகவும் இம்மரத்தை நடுவதுண்டு. பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்க, ஈரப்பலா இலைக்கொத்துகளுக்கு நடுவே, கிளைநுனிகளில்தான் காய்க்கும். ஆகவே அதன் காய் பலாப்பழத்தின் எடைக்கு வளர இயலாது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு கிலோவுக்குள் நின்றுவிடும். மரம் 15 முதல் 20 மீட்டர் வரை உயரும். அதற்கு மேலும் வளர்ந்தவை உண்டு.

பூவும் கவனித்துப் பார்க்க வேண்டியது. ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனியே வரும். முதலில் வெளிவருவது ஆண்; மஞ்சள் நிறத்தில், விரலைவிடத் தடித்து, ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும் கதாயுதம் போன்ற அந்தக் கொத்து, மகரந்தத்தை உதிர்த்துவிட்டுப் பழுப்பேறித் தரையில் விழுந்துவிடும். முதன்முறையாக மரம் வளர்ப்பவர்கள் அதைக் கண்டு பிஞ்செல்லாம் உதிர்கிறதே என்று அஞ்சுவது வழக்கம், அஞ்ச வேண்டியதில்லை. பெண் கொத்து உருண்டையானது. பஞ்சுபோன்ற ஒரு நடுத்தண்டைச் சுற்றி 1,500 முதல் 2,000 வரை மிகச்சிறு பூக்கள் நெருங்கி ஒட்டியிருக்கும். நாம் காய் என்று சொல்வது ஒரு பூவின் காய் அன்று; அத்தனை பூக்களின் இதழுறைகளும் ஒன்றாகப் பருத்து இணைந்த கூட்டுக்காய். தோலின் மேல் தெரியும் ஐங்கோண, அறுகோணக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பூ இருந்த இடம். பலாவும் இதே அமைப்பு உடையதுதான். ஆனால் பலாவில் கருவுற்ற பூவின் உறை தனியே பருத்துச் சுளையாகிறது. கருவுறாதவை சுளைகளுக்கு நடுவே நாராகக் கிடக்கின்றன. ஈரப்பலாவில் கருவுறுதலே நிகழாமல் எல்லாப் பூக்களும் சமமாகப் பருப்பதால் சுளை, கொட்டை, நார் என்னும் பாகுபாடு எதுவும் இல்லை. அறுத்துப் பார்த்தால் நடுத்தண்டைச் சுற்றி வெண்மையான மாவுச்சதை மட்டுமே இருக்கும்.

இனி தாயகம். ஈரப்பலாவின் காட்டு மூதாதை ஆர்ட்டோகார்ப்பஸ் கமான்சி என்னும் மரம். அது நியூ கினியா தீவின் தாழ்நிலக் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் இன்றும் இயற்கையாக வளர்கிறது. அதன் காயில் சதை குறைவு, மேற்புறம் முள்முள்ளாக இருக்கும், உள்ளே நிறையக் கொட்டைகள். அந்தக் கொட்டைகளையே மக்கள் அவித்தும் சுட்டும் தின்கின்றனர். பழந்தின்னி வௌவால்கள் பழத்தைத் தின்று அதன் விதையைக் காட்டில் பரப்புகின்றன. இப்படிக் கொட்டைக்காக வளர்க்கப்பட்ட மரங்களிலிருந்து, சதை மிகுந்தவற்றையும் கொட்டை குறைந்தவற்றையும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவே ஈரப்பலா. நெய்ரி ஸெரேகா, டயான் ரகோன், திமோத்தி மோட்லி ஆகிய மூவரும் பசிபிக் தீவுகளெங்கும் திரட்டிய மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த மூதாதைத் தொடர்பை உறுதிப்படுத்தியது.

அந்த ஆய்வு காட்டும் வரிசை மிகத் தெளிவானது. மேற்கே நியூ கினியாவையும் அதை அடுத்த மெலனேசியத் தீவுகளையும் சேர்ந்த ஈரப்பலா மரங்களில் விதை உண்டு. அவை விதையாலும் பெருகுகின்றன. கிழக்கே சமோவா, டோங்கா என்று செல்லச் செல்ல விதை குறைகிறது. தாகித்தி, மார்க்கேசஸ், ஹவாய் என்னும் கிழக்குக் கோடியை எட்டும்போது பெரும்பாலான மரங்கள் விதையை முற்றிலும் இழந்துவிட்டன. ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் லப்பித்தா மட்பாண்டப் பண்பாட்டைச் சேர்ந்த கடலோடிகளும், பின்னாளில் அவர்கள் வழிவந்தவர்களும் மேற்கிலிருந்து கிழக்காகத் தீவு தீவாகக் குடியேறிய வழியும் இதுவே. மக்கள் நகர்ந்த திசையில் மரத்தின் விதை தேய்ந்துகொண்டே போயிருக்கிறது.

ஏன் தேய்ந்தது? பெரும்பாலான உயிர்களைப் போலவே விதையுள்ள ஈரப்பலா மரத்திலும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக, மொத்தம் 56 இருக்கின்றன. விதையில்லா மரங்களில் பெரும்பாலானவற்றில் மூன்று தொகுதிகள், ஏறத்தாழ 84 உள்ளன. மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. ஆகவே மகரந்தம் மலடாகிறது, சூலும் விதையாவதில்லை. சாதாரண மரத்துக்கு இது அழிவு. தானாக ஒரு தலைமுறைக்கு மேல் அது நீடிக்காது. ஆனால் ஈரப்பலா கருவுறாமலே காயைப் பருக்க வைக்கும் இயல்புடையது என்பதால், மலட்டு மரத்திலும் முழுக்காய் விளைந்தது. அதிலும் கொட்டைக்கு வேண்டிய இடமெல்லாம் சதையாகவே நிரம்பிய காய். அப்படி ஒரு மரம் எங்கோ தற்செயலாகத் தோன்றியபோது, அதைக் கண்டவர்கள் பெருக்க விரும்பியிருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. நாம் கொட்டையில்லாத வாழையைப் பெருக்கியதும் இதே காரணத்தாலேதான். பெரும்பாலான உண்ணும் வாழைகளும் மும்மடிக் குரோமோசோம் உடையவையே.

பெருக்கும் வழியை மரமே காட்டிக்கொடுத்தது. ஈரப்பலாவின் வேர்கள் மண்ணுக்கு மேலாகவோ சற்றுக் கீழாகவோ படர்கின்றன. மண்வெட்டியோ மாட்டுக்குளம்போ பட்டு ஒரு வேரில் காயம் ஏற்பட்டால், அந்த இடத்திலிருந்து ஒரு கன்று தளிர்க்கும். பசிபிக் தீவினர் வேண்டுமென்றே வேரைக் கீறிக் கன்று எழச் செய்து, வேர்த்துண்டோடு வெட்டி எடுத்து நட்டனர். கடற்பயணத்துக்கும் இதுவே ஒரே வழி. விதையுள்ள வகைகளில்கூட விதையைக் காயவைத்து மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாது. இந்த மரத்தின் விதைக்கு உறக்கநிலை கிடையாது. பழத்தைவிட்டு வெளியே வந்ததும் முளைக்கும், இல்லையென்றால் சில வாரங்களில் உயிர் இழக்கும். உலர்த்தினால் செத்தது. எனவே ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு ஈரப்பலா போனதென்றால், யாரோ ஒருவர் உயிருள்ள வேரையோ கன்றையோ உப்புநீர் படாமல் பொதிந்து, திறந்த தோணியில் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் காத்துக் கொண்டுபோயிருக்கிறார் என்பது பொருள். தேங்காய் கடலில் மிதந்து தானே கரையேறக்கூடும். விதையில்லா ஈரப்பலா மனிதக் கை படாமல் எந்தத் தீவையும் எட்டியிருக்க முடியாது. ஹவாய்த் தீவுகளில் ஐரோப்பியர் வருமுன் ஒரே ஒரு வகை ஈரப்பலா மட்டும் இருந்ததற்கும் காரணம் இதுதான். அவ்வளவு தொலைவுக்கு உயிரோடு வந்து சேர்ந்தது அது ஒன்றே.

வடக்கே மைக்குரோனேசியாவில் கதை சற்று வேறு. அங்கே பலாவு, மரியானா தீவுகளுக்கே உரிய ஆர்ட்டோகார்ப்பஸ் மரியானென்சிஸ் என்னும் காட்டு இனம் முன்பே இருந்தது. தெற்கிலிருந்து வந்த ஈரப்பலாவோடு அது கலந்ததால் உருவான வகைகள் உப்புக்காற்றையும் உவர்நீரையும் நன்கு தாங்குகின்றன. மேடும் மண்ணும் இல்லாத பவளத்தீவுகளில் மனிதர்கள் குடியிருக்க முடிந்ததற்கு இக்கலப்பினங்களும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது. பொன்பே என்னும் ஒரு தீவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

இந்த மரத்தை வெறும் காய்மரம் என்று நினைத்தால் பசிபிக் மக்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மரக்கட்டை இலேசானது, கரையான் எளிதில் தொடாதது. தோணியின் பாகங்களும் வீட்டுச் சட்டங்களும் அதில் செய்யப்பட்டன. மரத்தின் பாலைக் காய்ச்சித் தோணியின் இடுக்குகளை அடைத்தனர். பறவை பிடிக்கக் கொம்புகளில் பூசினர். இளங்கிளைகளின் உட்பட்டையை ஊறவைத்து அடித்துத் துணியாக்கினர். உலர்ந்த ஆண் பூங்கொத்தைக் கொளுத்திக் கொசுவை விரட்டுவது அங்கே பழைய வழக்கம். அதன் புகைச்சாறு கொசுவைக் கடிக்கவிடாமல் தடுக்கிறது என்பதையும், கேப்ரிக், லாரிக் முதலிய கொழுப்பு அமிலங்களே அதற்குக் காரணம் என்பதையும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் சோதித்துக் காட்டினர்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வியக்கவைப்பது அவர்கள் காயைச் சேமித்த முறை. ஈரப்பலா ஒரே பருவத்தில் குவியலாகக் காய்த்துத் தள்ளும். பறித்த காய் இரண்டு மூன்று நாள்களில் குழைந்துவிடும். புயலும் வறட்சியும் வந்தால் அடுத்த பருவம்வரை பட்டினிதான். இதற்காகத் தீவினர் தரையில் குழி வெட்டி, இலைகளைப் பலபடியாக விரித்து, தோல் சீவிய காய்களை நிரப்பி, மேலேயும் இலை போட்டுக் கல்லை ஏற்றி மூடினர். உள்ளே காற்றில்லாத நிலையில், இட்லிமாவைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வேலைசெய்து, காயைப் புளித்த களியாக மாற்றிவிடும். அக்களி மாதக்கணக்கில், நன்கு பேணினால் ஆண்டுக்கணக்கில்கூடக் கெடாது. வேண்டியபோது எடுத்துப் பிசைந்து, தேங்காய்ப்பால் சேர்த்து, இலையில் பொதிந்து சுடுவார்கள். மணம் சற்றுக் கடுமையானது. பழகாதவர்களுக்குப் பிடிப்பது அரிது. மார்க்கேசஸ் தீவுகளில் ஊர்ப்பொதுவான பெருங்குழிகளே இருந்தன.

இந்த உழைப்பைக் கவனியாமல்தான் ஐரோப்பியர்கள் ஈரப்பலாவைச் சோம்பேறிகளின் சொர்க்க மரமாக எழுதினார்கள். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1686இல் குவாம் தீவில் இதைக் கண்டு, மரத்தில் விளையும் ரொட்டி என்று ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1769இல் குக்கோடு தாகித்திக்குச் சென்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், ஒருவன் வாழ்நாளில் ஒரு மணிநேரம் உழைத்துப் பத்து மரங்களை நட்டால் தன் தலைமுறைக்கும் வருந்தலைமுறைக்கும் கடமையை நிறைவேற்றியவன் ஆவான் என்ற கருத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். குழி வெட்டியவர்களும் கன்றைக் காத்துவந்தவர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பேங்க்ஸின் கணக்கு மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு இனித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குச் சோறிட அவர்கள் வட அமெரிக்காவிலிருந்து தானியம் வாங்கிவந்தனர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வணிகத்தைக் குலைத்தது. தொடர்ந்து வந்த சூறாவளிகள் உள்ளூர்ப் பயிரையும் அழித்தன. 1780க்கும் 1787க்கும் இடையே ஜமைக்காவில் மட்டும் 15,000 அடிமைகள் பட்டினியாலும் அதனால் வந்த நோயாலும் மாண்டதாக அக்காலத்தவர் கணக்கிட்டனர். கரும்புக்கு உரிய நிலத்தையும் நேரத்தையும் விட்டுக்கொடுக்காமல் அடிமைகளின் வயிற்றை நிரப்ப ஒரு மரம் கிடைக்கும் என்பதே தோட்டக்காரர்களின் நினைப்பு. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் இசைவளிக்க, பேங்க்ஸ் முன்னின்று ஏற்பாடுசெய்ய, வில்லியம் பிளை என்பவரின் தலைமையில் பவுண்டி என்னும் கப்பல் 1787 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது.

பின்னர் நடந்ததைத் திரைப்படங்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கின்றன. மரத்தின் கண்ணோடு பார்த்தால் அது விதையில்லாமையின் கதை. விதை மூட்டையாகக் கொண்டுபோகக் கூடியதாயிருந்தால் கப்பல் சில நாள்களில் திரும்பியிருக்கும். வேர்க்கன்றுகளைத் தோண்டி, தொட்டிகளில் வைத்து, அவை வேர்பிடிக்கும்வரையும் காற்றுப்பருவம் மாறும்வரையும் காத்திருக்க வேண்டியிருந்ததால், 1788 அக்டோபர் இறுதியில் தாகித்தி சேர்ந்த கப்பல் 1789 ஏப்ரல் தொடக்கம்வரை அங்கேயே தங்கியது. ஐந்து மாதங்கள். மாலுமிகளில் பலர் அங்கே துணை தேடிக்கொண்டு, கப்பல் ஒழுங்கை மறந்தனர். கப்பலின் மிகப்பெரிய அறையான தலைவரின் கூடமே நாற்றுமனையாக மாற்றப்பட்டு, 1,015 கன்றுகள் அதில் அடுக்கப்பட்டன. நடுக்கடலில் அவற்றுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். புறப்பட்ட மூன்றே வாரங்களில், ஏப்ரல் 28 அன்று, ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம் வெடித்தது. பிளையையும் அவரைச் சார்ந்த 18 பேரையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டு, கன்றுகளை எல்லாம் கடலில் எறிந்தனர். பிளை அந்தத் திறந்த படகிலேயே பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து திமோர் தீவை அடைந்தது கடலோடிகளின் வரலாற்றில் தனி அத்தியாயம். அது நமக்கு வேண்டியதில்லை.

பிளை மறுபடியும் போனார். 1791இல் பிராவிடன்ஸ், அசிஸ்டன்ட் என்னும் இரு கப்பல்களோடு புறப்பட்டு, தாகித்தியிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை ஏற்றி, அவற்றில் 678 கன்றுகளை உயிரோடு 1793 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட் தீவிலும் பிப்ரவரியில் ஜமைக்காவிலும் இறக்கினார். மூன்றில் ஒரு பங்கே பிழைத்தது. ஆனால் அதற்காக இத்தனை உயிரும் பொருளும் செலவான அந்த உணவை, யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பழகாத சுவை, அதுவும் எசமானர்கள் ஊட்ட நினைத்த மலிவுத்தீனி. பல காலம் காய்கள் பன்றிகளுக்கே போயின. அடிமைமுறை ஒழிந்து, மக்கள் சொந்தக் குடிசையும் சிறு வளவும் வைத்துக்கொண்ட பின்னரே ஈரப்பலா அவர்களுடைய சமையலில் இடம்பெற்றது. இன்று ஜமைக்காவில் நெருப்பில் தோல் கருகச் சுட்ட ஈரப்பலாவை ஆக்கி என்னும் காயோடும் உப்புக்கருவாட்டோடும் உண்பது நாட்டுணவு. அந்த ஆக்கியின் அறிவியல் பெயர் பிளைகியா சப்பிடா. பிளையின் பெயர் தாங்கியது. அவர் கொண்டுவந்த காயும் அவர் பெயர் தாங்கிய காயும் ஒரே தட்டில் சேர்ந்தது காலத்தின் குறும்பு என்றே நினைக்கிறேன்.

இந்தியப் பெருங்கடல் பக்கம் ஈரப்பலா வந்த வழி இவ்வளவு விவரமாகப் பதிவாகவில்லை. மலாய்த் தீவுக்கூட்டத்தில் அது முன்பே இருந்தது. சுக்குன் என்னும் பெயரில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் மாவில் தோய்த்துப் பொரித்து உண்பது அதையே. இலங்கைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்கள் என்பது பொதுவான கருத்து. உள்ளூர்வாசிகளைக் கொல்லவே சூடான இக்காயை டச்சுக்காரர்கள் நட்டார்கள் என்றும், மக்கள் அதைத் தேங்காய்ப்பாலில் சமைத்துச் சூட்டைத் தணித்துக்கொண்டார்கள் என்றும் அங்கே ஒரு கதை வழங்குகிறது. வரலாறாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்ந்தால் ஈரப்பலாவின் சுவை கூடும் என்பதற்கு நல்ல விளம்பரமாக எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தில் கடச்சக்கா, சீமச்சக்கா என்றும், துளு நாட்டில் ஜீகுஜ்ஜெ என்றும், கோவா, கொங்கணக் கரையில் நீர்பணஸ் என்றும் அறியப்படும் இது, மேற்குக் கரையெங்கும் வீட்டுத் தோட்டத்து மரம். தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்திலும், குற்றாலம் சுற்றுப்புறத்திலும், நீலகிரி அடிவாரத்தின் கல்லாறு, பர்லியார் பழப்பண்ணைகளிலும் பார்க்கலாம். சமவெளியில் அரிது, காரணம் தண்ணீர். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழையும், 21 முதல் 32 பாகை வெப்பமும், ஈரக்காற்றும் இருந்தால் அது செழிக்கும். கிணற்று நீர் தவறாமல் பாயும் வளவில் வறண்ட பகுதியிலும் பிழைக்கும், ஆனால் காய்ப்பு ஏமாற்றும். வாடைக்குளிரை அறவே தாங்காது.

உணவாக அது எப்படிப்பட்டது என்று கேட்டால், பழம் என்பதைவிடக் கிழங்கு என்று நினைத்துக்கொள்வதே சமையலுக்கு உதவும். பச்சைக்காயின் 100 கிராமில் ஏறத்தாழ 27 கிராம் மாவுச்சத்தும், 5 கிராம் நார்ச்சத்தும், 490 மில்லிகிராம் பொட்டாசியமும், 29 மில்லிகிராம் வைட்டமின் சியும் உண்டு. 103 கலோரி கிடைக்கும். புரதம் ஒரு கிராம் அளவே என்பதால் பருப்போ மீனோ உடன் வேண்டும். பறிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. முற்றாத காயின் கட்டங்கள் கூர்மையாகத் துருத்திக்கொண்டிருக்கும், நிறம் பளிச்சென்ற பச்சை. முற்றிய காயில் கட்டங்கள் தட்டையாகும், கட்டங்களுக்கு நடுவே கோடுகள் பழுப்பேறும், பச்சை மங்கி மஞ்சள் சாயும், தோலில் அங்கங்கே பால் கசிந்து உலர்ந்து புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். அதுதான் கறிக்கும் பொரியலுக்கும் ஏற்ற பதம். பறித்ததும் காம்பு தரையைப் பார்க்கும்படி சிறிது நேரம் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தால் ஒட்டாது. அறுத்த துண்டைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். அவித்த ஈரப்பலாக்காயோடு தேங்காய்த்துருவலும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும் சேர்த்து உண்ணும் இலங்கை முறையே, என் கணிப்பில், அதன் இயல்பான சுவையைக் கெடுக்காத முறை. நம் பக்கத்தில் கரம் மசாலாவைக் கொட்டி இறைச்சிக்குழம்பாக ஆக்கிவிடுகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சேனையைப் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

இனி உங்கள் நான்காம் கேள்வி. விதையில் முளைத்த கன்று என்று சொல்லி விற்றால், அது விதையில்லாச் சீமைப்பலாவாக இருக்க வழியே இல்லை. பெரும்பாலும் அது மேலே சொன்ன மூதாதை மரமான கமான்சியாக இருக்கும். இலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் கன்று நிலையில் வேறுபடுத்துவது கடினம். காய்த்த பிறகுதான் முள்தோலும் கொட்டையும் வெளியே தெரியும். அதனால் அந்த மரம் பயனற்றது என்று பொருளல்ல. அதன் கொட்டை பலாக்கொட்டையைப் போலவே அவித்துத் தின்னத்தக்கது, புரதமும் உடையது. இளங்காயைப் பலாப்பிஞ்சுபோல் சமைக்கலாம். திரினிடாட், கயானா நாடுகளில் இந்திய வம்சாவளியினர் கட்டஹர் என்ற பெயரில், அதாவது பலாவின் இந்திப் பெயரிலேயே, குழம்பு வைத்து விழா நாளில் பரிமாறுவது இந்தக் கமான்சிக் காயைத்தான். உங்களுக்கு வேண்டியது அது என்றால் வாங்குங்கள். சீமைப்பலா என்றால் வாங்காதீர்கள்.

சீமைப்பலாவுக்கு நம்பகமான வழி, நன்கு காய்க்கும் மரம் வைத்திருப்பவரிடம் வேர்க்கன்று கேட்பதே. அப்படிக் கன்று எழும்பியிராவிட்டால், விரல் கனத்துக்குச் சற்று மேற்பட்ட வேரை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, நிழலில் ஈரமணலில் கிடையாகப் புதைத்து வையுங்கள்; சில வாரங்கள் முதல் சில மாதங்களில் தளிர்க்கும். எல்லாத் துண்டும் தளிர்க்காது என்பதால் ஒன்றுக்கு நாலாக வையுங்கள். விண்பதியமும் போடலாம். நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் தள்ளி நடுங்கள்; மேலோடும் வேர் தொல்லை தரும். அடியைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டாம். கொத்திய இடமெல்லாம் கன்று கிளம்பும், தாய்மரம் இளைக்கும். நீர் தேங்கும் பள்ளமும் கூடாது, வேரழுகல் வரும்.

ஒரே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேர்க்கன்று என்பது தாய்மரத்தின் அச்சுப்பிரதி. வெளியிலிருந்து வந்த ஓரிரு வகைகளையே நாம் திரும்பத் திரும்பப் பெருக்கிவருகிறோம். கரீபியத் தீவுகளிலும் இதே நிலை. ஒரு நோய் ஒரு மரத்தைத் தாக்கினால் அடுத்த மரத்துக்கும் அதே பலவீனம்தான் இருக்கும். இதற்காகவே ஹவாயில் தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தின் ஈரப்பலா நிறுவனம், பசிபிக் தீவுகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைத் திரட்டிக் காக்கிறது; சமோவாவைச் சேர்ந்த மாஅஃபாலா என்னும் குட்டைவகை திசுவளர்ப்பில் பெருக்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. பிளையின் கப்பலில் தொட்டி தொட்டியாகச் சுமந்த கன்றுகள் இப்போது கண்ணாடிக் குப்பியில் போகின்றன. திசுவளர்ப்புக் கன்று உங்களுக்குக் கிடைக்குமானால், வகையின் பெயரை எழுதித் தரும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். வேர்க்கன்று ஒன்றும் திசுவளர்ப்புக் கன்று ஒன்றுமாக இரண்டு நடுவதற்கு இடமிருந்தால் அதுவே சிறந்தது.